கடைவீட்டை விடுதியாக மாற்றும்போது எந்த கேபிள் போடுவது?
பினாங்கு ஜார்ஜ்டவுனில் கீழே கடையும் மேலே வீடுமான கடைவீட்டை விடுதியாக மாற்றுகிறீர்கள், வயரிங் குத்தகையாளர் “தீ தாங்கும் கேபிள்” என்று ஒரே விலை கொடுத்திருக்கிறார், நம்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். எந்த வகை என்று முதலில் கேளுங்கள், அந்தப் பெயரில் வேறு வேறு சரக்கு ஓடுகிறது. தீயைப் பரப்பாத கேபிள் ஒன்று, நெருப்பை இழுத்துக்கொண்டு போகாது, ஆனால் கரண்ட் நின்றுவிடும். எரியும்போதும் வேலை செய்கிற கேபிள் வேறு: செம்புக் கம்பியைச் சுற்றி வெப்பம் தாங்கும் மைக்கா நாடா இருக்கும், பி.எஸ். 6387 என்ற பிரிட்டிஷ் தரத்தின் சி பிரிவு என்றால் 950 டிகிரி செல்சியஸில் 3 மணி நேரம் தாங்க வேண்டும். அபாய மணிக்கும் தீயணைப்பு பம்புக்கும் இதைத்தான் போட வேண்டும். அறைக்கு அறை பிளக் பாயிண்டுக்கெல்லாம் இது வீண் செலவு.

அப்புறம் புகை. சாதாரண பி.வி.சி. எரிந்தால் கறுத்த புகையோடு ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், கண்ணையே திறக்க முடியாது, தீ விபத்தில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் புகைதான். ஒற்றை மரப்படிக்கட்டை நம்பி இருக்கும் கட்டடத்தில் அந்த வழி நெடுக ஹாலஜன் (குளோரின் போன்றவை) இல்லாத, புகை குறைந்த கேபிள்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நில்லுங்கள்.

கிளிப்பையும் பாருங்கள். பிளாஸ்டிக் என்றால் உருகி, நல்ல கேபிளும் தொங்கிவிடும். உலோகக் கிளிப் கேளுங்கள்.