உப்பளத்து வேதியியல்

அன்புள்ள ஐயா,

என் மகள் தூத்துக்குடியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். வேதியியலும் புவியியலும் அவளுக்கு ஏறவே இல்லை. தனிம அட்டவணையை மனப்பாடம் செய்ய எளிய வழி உண்டா? இரண்டு பாடத்துக்கும் நல்ல புத்தகம் எது? கடல்நீரிலிருந்து உப்பு எடுப்பதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வரச் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் அது தினமும் பார்ப்பதுதானே, அதில் படிக்க என்ன இருக்கிறது?

ஒரு தந்தை

அன்புள்ள நண்பருக்கு,

தனிம அட்டவணையை மனப்பாடம் செய்ய வேண்டாம். சுவரில் ஒட்டிவையுங்கள், போதும். புத்தகத்தைப் பற்றி அப்புறம் பார்ப்போம். உங்கள் கடைசி வரிதான் எனக்குக் கோபத்தை வரவழைத்தது. உப்பளத்தில் படிக்க என்ன இருக்கிறது என்று தூத்துக்குடிக்காரர் ஒருவர் கேட்கலாமா?

நானும் அந்தப் பக்கத்துப் பையன்தான். கடல்நீர் ஆவியானால் உப்பு கிடைக்கும் என்று பள்ளியில் எழுதிப் படித்துக்கொண்டிருந்தேன். அளத்தில் வேலை பார்த்த என் பெரியம்மா அதைக் கேட்டுவிட்டு, "முழுசா வத்த விட்டா கசந்துபோயிரும்ல" என்றாள். பள்ளிக்கூடம் அதுவரை எனக்குச் சொல்லாத வேதியியல் அது.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதில் நாம் சாப்பிடும் சோடியம் குளோரைடு முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேல். மீதியில் மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் உண்டு. நீர் வற்ற வற்ற முதலில் கால்சியம் கார்பனேட் படிகிறது. நீர் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும்போது ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட். பத்தில் ஒரு பங்காகும்போதுதான் உப்பு. மக்னீசியமும் பொட்டாசியமும் கடைசிவரை கரைசலிலேயே நிற்கும், கசப்பு அவற்றுடையது.

ஜிப்சம் ஏன் முந்துகிறது? உங்கள் மகளை இந்த இடத்தில் நிறுத்திவைத்துக் கேளுங்கள். கடலில் உப்புதானே அதிகம், அதுதானே முதலில் படிய வேண்டும்? இல்லை. ஒரு லிட்டர் நீர் ஜிப்சத்தை இரண்டு கிராம் அளவுக்குத்தான் தாங்கும். உப்பை 350 கிராமுக்கு மேல் தாங்கும். எவ்வளவு இருக்கிறது என்பது மட்டும் கணக்கில்லை, நீர் எவ்வளவைத் தாங்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கரைதிறன் என்று பாடத்தில் வருவது இதுதான். அளத்துக்காரர்கள் பாத்தி பாத்தியாக நீரை மாற்றுவது இதற்காகத்தான். ஜிப்சத்தை முந்தைய பாத்தியிலேயே விட்டுவிடுகிறார்கள். உப்பு விளைந்ததும், மிச்ச நீர் முழுக்க வற்றும் முன்பே அதை வடித்துவிடுகிறார்கள். எங்கே நிறுத்துவது என்று தெரிவதுதான் அவர்கள் வித்தை. "நீரை ஆவியாக்கினால் உப்பு கிடைக்கும்" என்ற பாதி உண்மைக்கு முழு மதிப்பெண் போடுகிறோம். வெயிலில் கால் வெடிக்க வாருபலகை இழுக்கிறவளுக்கு மீதிப் பாதி தெரியும். அவளிடம் போய் யாரும் கேட்பதில்லை.

புவியியல் வேறு பாடம் என்கிறீர்கள். எங்கே வேறு? சுமார் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அட்லாண்டிக்கோடு இருந்த தொடர்பு அடைபட்டு, மத்தியதரைக் கடல் பெருமளவு வற்றியது. அதன் அடித்தளத்துக்குக் கீழே ஒரு கிலோமீட்டருக்கும் மேல் தடிமனாக உப்புப் படுகை இன்றும் கிடக்கிறது. சிசிலியில் அதன் ஜிப்சத்தை மலையாகவே பார்க்கலாம். இன்னொரு பழங்கடல் வற்றிய இடம் ஜெர்மனி. அங்கே ஸ்டாஸ்ஃபர்ட் சுரங்கத்தில் பாறை உப்புக்கு மேலே பொட்டாசியம், மக்னீசியம் உப்புகள் இருந்தன. உப்பு தேடியவர்கள் முதலில் அவற்றை வீண் என்று ஒதுக்கினார்கள். 1861 முதல் அவை உரத்துக்குப் போயின. அந்த உப்புகள் எந்த வரிசையில், எந்தச் சூழலில் படிந்தன என்று ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர் வாண்ட் ஹாஃப், 1901இல் வேதியியலின் முதல் நோபல் பரிசைப் பெற்றவர். உங்கள் ஊர்ப் பாத்தியில் சில வாரங்களில் நடப்பதுதான் அங்கே பல்லாயிரம் ஆண்டுகளில் நடந்திருக்கிறது.

குழந்தைக்கு ஏறவில்லை என்று வருத்தப்படாதீர்கள். அவள் மக்கு இல்லை. அவள் ஊரை அவளுக்கு யாரும் காட்டவில்லை, அவ்வளவுதான். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அளத்துக்குக் கூட்டிப்போங்கள். முந்தைய பாத்தியில் படிந்திருப்பதை அவள் கையால் எடுத்துப் பார்க்கட்டும். வடித்துவிடும் நீரை விரலால் தொட்டு நாக்கில் வைக்கட்டும். அங்கே வேலை செய்பவர்களிடம் அவளே பேசட்டும், நீங்கள் குறுக்கே போகாதீர்கள். அதற்குப் பிறகு அந்த இரண்டு பக்கத்தை எழுதட்டும்.

எழுதியதை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். புத்தகம் எது என்பதை அதைப் படித்துவிட்டு அவளுக்கே சொல்கிறேன்.

அன்புடன்.