மலையகத்துச் சின்னக் குளத்தில் மீன் பிடித்து, நடந்துவிட்டு வர என்ன ஆயத்தம் வேண்டும்?

நுவரெலியாப் பக்கம் தோட்டத்துக் குளமொன்றில் தூண்டில் போட்டு, சாப்பிட்டு, கொஞ்சம் நடந்துவிட்டு வர என்ன தேவை என்று கேட்டிருக்கிறீர்கள். கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ பிள்ளைகளோடு வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் அனுமதி. லயங்களுக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, குடிதண்ணீர் இப்படியான குளங்களிலிருந்தும் போகிறது. தோட்ட அலுவலகத்திலோ வாச்சரிடமோ (காவலாளி) கேட்காமல் தூண்டிலை வெளியே எடுக்காதீர்கள்.

ட்ரவுட் ஆசையோடு வராதீர்கள். வெள்ளைக்காரர் 1880களில் கொண்டுவந்து விட்ட அந்த மீன், குளிர்ந்த ஓடுதண்ணீரும் சரளைக்கல்லும் இருந்தால்தான் பெருகும். தேங்கிய குளத்தில் பெரும்பாலும் கார்ப், திலாப்பியாதான். 0.25 மில்லிமீற்றர் தங்கூசி (நைலோன் தூண்டில் நூல்), 8ஆம் இலக்க முள், பயறளவு ஈயம் போதும். பாணின் நடுப்பகுதியைக் கோதுமை மாவோடு பிசைந்து, கையில் ஒட்டாத பதத்தில் சுண்டங்காய் அளவு உருட்டி முள்ளை மூடுங்கள். தண்ணீர் கூடினால் வீசும்போதே இரை கழன்றுவிடும். கார்ப் அடியில் மேயும். ஈயத்தை முள்ளுக்கு ஒரு சாண் மேலே கட்டிக் குளத்தின் அடியில் விடுங்கள். திலாப்பியாவுக்கு மண்புழுவும் தக்கையும். ஜனவரிக் குளிரில் விடியவே போய் விறைக்க வேண்டாம், மீன் அசையாது. 9 மணிக்குப் பிறகு, வெயில் முதலில் விழும் ஆழமில்லாத ஓரத்தில் போடுங்கள்.

தண்ணீரில் இறங்கவே வேண்டாம். ஓரம் சேறு, இரண்டடியில் சரிந்துவிடும்; திடீர்க் குளிரில் நீச்சல் தெரிந்தவருக்கும் மூச்சு அடைக்கும்.

ரொட்டி, கட்டச்சம்பல், பிளாஸ்கில் தேத்தண்ணீர் கொண்டுபோங்கள். நெருப்பு மூட்டாதீர்கள். காய்ந்த மானாப்புல் ஒரு பொறிக்கே பற்றும். அதைவிட மோசம், புகைக்கும் கல்லெறிக்கும் குளவி கலையும். கலைந்தால் கை வீசாமல், தலையையும் முகத்தையும் துணியால் மூடிக்கொண்டு ஓடுங்கள். பல இடத்தில் கொட்டினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே ஆஸ்பத்திரி. நீங்கள் வாகனத்தில் ஏறிப் போய்விடுவீர்கள். கலைந்த குளவி கொட்டுவது அந்த மலையில் கொழுந்தெடுக்கும் பெண்களை. குளவி கொட்டி இறந்தவர்களும் இருக்கிறார்கள்.

நடக்கும்போது காற்சட்டை நுனியைக் காலுறைக்குள் விட்டு, காலுறையில் காய்ந்த சவர்க்காரம் தேயுங்கள். அட்டை கடித்தால் இழுக்காமல், வாய்ப்பக்கம் நகத்தால் நெம்பி எடுங்கள். அதன் எச்சிலால் இரத்தம் உறையத் தாமதிக்கும். அழுத்திப் பிடித்தால் நிற்கும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடிமழை வரும். ஒரு மணிக்கே திரும்புங்கள். பனிமூட்டத்தில் தேயிலை மலையெல்லாம் ஒரே மாதிரித் தெரியும், வண்டிப்பாதையை விட்டு விலகாதீர்கள்.

இவ்வளவு கட்டுப்பாடா என்று சிலர் கோபிப்பார்கள். வர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, தாராளமாக வாருங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கொழுந்தெடுக்கும் பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். கூடையைச் சரித்துப் பிடிக்கச் சொல்லி, "கொஞ்சம் சிரிங்க அக்கா" என்று பத்து நிமிடம் நிறுத்திவைக்கிறார்கள். அந்தப் பத்து நிமிடக் கொழுந்து நிறுவையில் அவருக்குத்தான் குறையும்.