சென்னையை விட்டுத் திருவனந்தபுரம் பேஸ் கேட்பது ஏன்?

பாளையங்கோட்டையில் குடும்பம் இருக்கும் விமானி, சென்னை பேஸ் கிடைத்தும் திருவனந்தபுரத்துக்கு மாற்றல் கேட்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பேஸ் என்பது பணி தொடங்கி முடியும் ஊர். வெளியூரில் இரவு தங்கினால் ஓட்டல், வண்டி எல்லாம் நிறுவனத்தின் செலவு. பேஸில் தங்குவதும், அங்கிருந்து சொந்த ஊருக்குப் போய்வருவதும் விமானியின் பாடு.

பெரிய தலைவலி ஸ்டாண்ட்பை நாள்தான். அன்று ரோஸ்டரில், அதாவது பணிப் பட்டியலில், விமானம் இருக்காது. ஆனால் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் உடனே போன் வரும். நிறுவனம் குறித்த நேரத்துக்குள் சீருடையோடு போய் நிற்க வேண்டும். பாளையங்கோட்டையிலிருந்து திருவனந்தபுரமே சாலையில் மூன்று மணி நேரத்துக்கு மேல். அதனால் எந்த பேஸ் ஆனாலும் ஸ்டாண்ட்பை அன்று அந்த ஊரிலேயே அறை எடுத்துத் தங்கியாக வேண்டும்.

லாபம் ஓய்வு நாளில் தெரியும். வாராந்தர ஓய்வு தொடர்ச்சியாக 48 மணி நேரம். சென்னையிலிருந்து வந்தே பாரத்தில் வந்தாலே ஒரு வழிக்கு ஏறக்குறைய எட்டு மணி நேரம் போய்விடும். திருவனந்தபுரத்தில் காலையில் காரை எடுத்தால், நாகர்கோவில் வழியாக மதியச் சாப்பாட்டுக்கு வீடு. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தால் இது ஒன்றே போதுமான காரணம்.

தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளம் இன்னும் பக்கம்தானே என்றால், விமானங்கள் இரவு தங்கி அங்கிருந்தே கிளம்பும் அளவுக்குச் சேவை இருந்தால்தான் ஓர் ஊரை பேஸ் ஆக்குவார்கள்.

சின்ன பேஸில் இடங்கள் குறைவு. பெரும்பாலும் சீனியாரிட்டிப்படிதான் கிடைக்கும். விமான வகையையும் பார்க்க வேண்டும்: ஏர்பஸ் 320 ஓட்டுபவர், ஏடிஆர் என்ற சிறிய விமானம் மட்டும் நிற்கும் ஊரைக் கேட்டுப் பயனில்லை.