ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்தின் மையத்தில் என்ன இருக்கிறது?

ஒரு பெரிய கருந்துளை. சுமார் 25 லட்சம் ஒளியாண்டு தொலைவில் உள்ள இந்தச் சுருள் மண்டலத்தின் நடுவில், ஏறக்குறைய 14 கோடி சூரியன்களின் நிறை கொண்ட கருந்துளை இருக்கிறது. நம் பால்வீதியின் கருந்துளைக்கு 43 லட்சம்தான்.

ஆனால் என்னை அசரவைப்பது அதைச் சுற்றி நடப்பதுதான். 1993-இல் வெளியான ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் படங்கள் மையத்தில் இரண்டு ஒளிப்புள்ளிகளைக் காட்டின. அப்படியென்றால் இரண்டு மண்டலங்களின் கருக்களா? இல்லை. வயதான விண்மீன்கள் கருந்துளையை நீள்வட்டப் பாதையில் சுற்றுகின்றன. தொலைவான முனையில் அவை மெதுவாக நகர்வதால் அங்கே நெரிசல் கூடி, பளிச்சென்று தெரிகிறது. கருந்துளை இருப்பதோ மங்கலான புள்ளியில். அதை ஒட்டியே 400-க்கும் மேற்பட்ட இளம் நீல விண்மீன்கள்! அவ்வளவு கடுமையான ஈர்ப்புக்கு நடுவே அவை எப்படிப் பிறந்தன என்பது இன்னும் ஆய்வில் இருக்கிறது.