ஏப்பம் வராவிட்டால் விடிய விடிய உட்கார்ந்திருக்க வேண்டுமா?

தாய்-சேய் நலம்: வாசகர் கேள்விகளுக்கு, பிரசவ வார்டில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற செவிலியர் பதில் அளிக்கிறார்

கேள்வி: மகன் பிறந்து ஐந்து வாரம் ஆகிறது. தாய்ப்பால் மட்டுமே கொடுக்கிறேன். ஒவ்வொரு முறையும் பால் கொடுத்ததும் தோளில் போட்டு அரை மணி நேரம் தட்டுகிறேன். பத்து முறை தட்டினால் நான்கு முறைதான் ஏப்பம் வருகிறது. ஏப்பம் விடாமல் படுக்கவைத்தால் பால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் அவனைத் தோளில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிடுகிறேன். விடியற்காலையில் முகம் சிவக்க முக்குகிறான், கால்களை மடக்கி வயிற்றோடு சேர்க்கிறான். நான் சாப்பிடுவதுதான் அவனுக்கு வாயுவாகிறதா?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன் அம்மா. ஏப்பத்தைவிட என்னைக் கலங்கவைத்தது, ‘சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிடுகிறேன்’ என்ற வரிதான். அசந்துபோன தாயின் கையிலிருந்து குழந்தை நழுவலாம். அவள் உடம்புக்கும் தலையணைக்கும் நடுவே முகம் அழுந்தி மூச்சு அடைபடலாம். ஏப்பம் வராததால் வரும் தொல்லையைவிட இது எவ்வளவோ பெரிய ஆபத்து. ஆகவே இன்று இரவே மாற்றுங்கள். ஐந்து நிமிடம் தட்டிப் பாருங்கள். வரவில்லையா, அவனுடைய படுக்கையில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு நீங்களும் படுங்கள்.

பயத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். குழந்தை மல்லாந்து படுத்திருக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் அதற்குக் கீழேயும் இருக்கின்றன. எதிர்த்து வரும் பால் மூச்சுக்குழாய்க்குள் நுழைய வேண்டுமானால் மேல்நோக்கி ஏற வேண்டும். குப்புறப் படுத்தால் இந்த அமைப்பு தலைகீழாகிவிடுகிறது. வாயு பிரியட்டும் என்று குப்புறத் தூங்கவைப்பதை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். ஒருக்களித்தும் வேண்டாம்.

ஏப்பம் பற்றி ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். சண்டிகரில் 71 தாய்-சேய் இணைகளை மூன்று மாதம் கவனித்த ஆய்வு 2015இல் வெளியானது. ஏப்பம் விடவைத்த குழந்தைகளுக்கு ஓயாத அழுகை குறையவில்லை. பால் கக்குவது கூடுதலாகவே இருந்தது. சிறிய ஆய்வுதான். அதைக் காட்டி ஏப்பமே விடவைக்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. நெளிந்து அழும் குழந்தை ஒரு பெரிய ஏப்பத்துக்குப் பிறகு முகம் தெளிந்து மறுபடி பாலுக்குத் தேடுவதை எத்தனையோ முறை பார்த்தவள் நான். ஆனால் மார்பை நன்றாகக் கவ்விக் குடிக்கும் குழந்தை அதிகம் காற்றை விழுங்குவதில்லை. உங்கள் மகனுக்குப் பல வேளைகளில் ஏப்பம் வராததற்கு, உள்ளே வெளியேற்ற வேண்டிய காற்றே இல்லை என்பதுதான் காரணமாக இருக்கும்.

எனவே முதுகைத் தட்டுவதற்கு முன்னால் வாயைக் கவனியுங்கள். ஓர் இரவுப் பணியில், பிறந்து நான்கு நாளான பெண் குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு தாய் அழுதுகொண்டிருந்தாள். “எவ்வளவு தட்டினாலும் வாயு போகவில்லை சிஸ்டர்” என்றாள். மறுபடி பால் கொடுக்கச் சொல்லிவிட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்தேன். குழந்தை உறிஞ்சும்போதெல்லாம் நாக்கைச் சொடுக்குவதுபோல் ‘டக், டக்’ என்று ஒரு சத்தம். கன்னங்கள் குழிந்தன. வாய்க்குள் காம்பு மட்டுமே இருந்தது. பிடி நழுவும் ஒவ்வொரு முறையும் காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது.

அவளுடைய சுண்டுவிரலைக் குழந்தையின் கடைவாயில் நுழைத்துப் பிடியை விடுவிக்கச் சொன்னேன். பிறகு குழந்தையின் மூக்கு காம்புக்கு நேராக இருக்கும்படி வைத்துக் காத்திருந்தோம். குழந்தை உதட்டை நக்கியது, தலையை ஆட்டித் தேடியது, கடைசியில் கொட்டாவி விடுவதுபோல் வாயைத் திறந்தது. அந்த நொடியில் முதுகைத் தாங்கி மார்போடு அணைத்தாள். முதலில் முகவாய் மார்பில் அழுந்தியது. கீழுதடு வெளிப்பக்கம் மடிந்தது. காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் கீழ்ப்பகுதி முழுவதும் வாய்க்குள் போய், மேலே கொஞ்சம்தான் தெரிந்தது. சொடுக்குச் சத்தம் நின்றது. அமைதியாக விழுங்கும் ஒலி மட்டும் கேட்டது. “இப்போது வலிக்கவில்லை சிஸ்டர்” என்று அவள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. உங்கள் மகன் குடிக்கும்போதும் அந்தச் சொடுக்குச் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள்.

தட்டும் முறையும் முக்கியம். தோள் ஒத்துவராவிட்டால் மடியில் பக்கவாட்டாக உட்காரவையுங்கள். ஒரு கையால் மார்பைத் தாங்கி, பெருவிரலும் சுட்டுவிரலும் தாடையெலும்பைப் பிடித்திருக்கட்டும். தொண்டையில் விரல் படவே கூடாது. சற்று முன்னால் சாய்த்து, குவித்த உள்ளங்கையால் மெதுவாகத் தட்டுங்கள், அல்லது கீழிருந்து மேலாக நீவுங்கள். ஓங்கித் தட்டினால் காற்று சீக்கிரம் வராது, பால்தான் வரும். ஒரு மார்பில் குடித்து அவனே வாயை விடும்போது ஒரு முறை, எல்லாம் முடிந்த பிறகு ஒரு முறை. குடித்துக்கொண்டிருப்பவனைப் பாதியில் இழுத்து நிறுத்த வேண்டாம்.

விடியற்காலை முக்கலைப் பற்றிக் கேட்டீர்கள். முக்கி முடித்துக் களிபோல் இளகலாக மலம் போனால் அது மலச்சிக்கல் இல்லை. வயிற்றை அழுத்தவும் அதே நேரத்தில் ஆசனவாயைத் தளர்த்தவும் அவன் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. சில வாரங்களில் தானே சரியாகிவிடும். ஆசனவாயில் எதையும் நுழைத்துத் தூண்டாதீர்கள். விழித்திருக்கும் நேரத்தில், பால் குடித்து அரை மணி நேரமாவது ஆன பிறகு, கால்களைச் சைக்கிள் மிதிப்பதுபோல் மெதுவாக மடக்கி நீட்டலாம். தொப்புளைச் சுற்றிக் கடிகாரம் சுற்றும் திசையில் வெதுவெதுப்பான கையால் நீவலாம். வாயுவுக்கென்று கடையில் விற்கும் சிமெத்திகோன் சொட்டு மருந்து கேட்டு வருவோருக்கு நான் சொல்வது: அதை வெறும் மருந்தில்லாச் சொட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, அழுகை குறைவதில் வித்தியாசம் தெரியவில்லை. ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர தண்ணீர்கூடத் தேவையில்லை.

உங்கள் சாப்பாட்டைக் குற்றம் சொல்லாதீர்கள். உங்கள் குடலில் உண்டாகும் வாயு பாலுக்குள் வராது. பசியோடு பத்தியம் இருக்காதீர்கள். குழந்தையின் மலத்தில் ரத்தமோ, உடம்பில் தடிப்போ தெரிந்தால் மட்டும் மருத்துவரிடம் கேட்டு ஓர் உணவை நிறுத்திப் பார்க்கலாம்.

அழுகை ஆறாவது வார வாக்கில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் அடங்குவதுதான் வழக்கம். ஆனால் உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ, பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தாலோ, வயிறு கல்போல் உப்பினாலோ, பால் குடிக்க மறுத்துச் சோர்ந்து கிடந்தாலோ வாயு என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள். அந்த நேரமே மருத்துவமனைக்குப் போங்கள், நள்ளிரவாக இருந்தாலும்.

கேள்வி: என் மனைவிக்குப் பால் மிக வேகமாக வருகிறது. இரண்டு மாதக் குழந்தை திணறி, இருமி, மார்பை விட்டுவிட்டு அழுகிறாள். பிறகு நிறைய ஏப்பம், நிறைய வாயு. நான் என்ன செய்யலாம்?

பதில்: ஒரு தந்தை இதைக் கேட்டு எழுதியதில் எனக்கு நிறைந்த மகிழ்ச்சி. உங்கள் மனைவி பின்னால் சாய்ந்துகொள்ளும்படி தலையணைகளை அடுக்கிக் கொடுங்கள். மகளை அவர் மார்பின் மேல் கவிழ்ந்தபடி குடிக்கவைக்கட்டும்; அப்போது பால் மேல்நோக்கி வர வேண்டியிருப்பதால் வேகம் குறையும். பால் முதலில் பீறிட்டு வரும்போது குழந்தையை எடுத்துவிட்டு, அந்தப் பாலை ஒரு துணியில் வழியவிட்டு மறுபடி கொடுக்கலாம். ஒரு பக்கம் முழுதாகக் குடித்து முடித்த பிறகே மறுபக்கம். பால் கொடுத்ததும் குழந்தையை நீங்கள் வாங்கிக்கொண்டு நிமிர்த்தி வைத்திருங்கள். உங்கள் மனைவி தூங்கட்டும்.

கேள்வி: பால் குடித்தபடியே தூங்கிவிட்ட குழந்தையை எழுப்பி ஏப்பம் விடவைக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம்.