இன்ஜின் எண் மாறிப்போன ஆர்எக்ஸ் 100

கேள்வி: ஐயா, கும்பகோணத்துக்கு வடக்கே கொள்ளிடக் கரையோரம் விவசாயம் பார்க்கிறேன். அப்பா 1994-இல் வாங்கிய யமஹா ஆர்எக்ஸ் 100 வீட்டில் இருக்கிறது. போன சித்திரையில் ஆற்றில் தண்ணீர் இல்லாத நேரம், என் மகன் ஏர் ஃபில்டரைக் கழற்றி வைத்துவிட்டு மணலில் டர்ட் பைக் மாதிரி ஓட்டியிருக்கிறான். இன்ஜின் அடித்துக்கொண்டது. மெக்கானிக்கிடம் விட்டேன். 40,000 பேசி, 32,000 ஜிபேயில் அனுப்பினேன். வண்டி வந்து நன்றாகத்தான் ஓடியது. ஆர்சி புதுப்பிக்கப் போனால் ஆய்வாளர் இன்ஜின் எண் மாறியிருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார். மெக்கானிக்கைக் கேட்டேன். "கிராங்க் கேஸ் விரிசல் விட்டுருச்சு, வேற இன்ஜின் ஏத்திட்டேன். பழைய நம்பரையே அதுல பஞ்ச் அடிச்சுத் தரேன், 1,500 ஆகும்" என்கிறார். பாக்கி 8,000 கொடுத்தால்தான் பழைய இன்ஜின் என்றும் சொல்கிறார். அப்பா காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. ஆர்சி இன்னும் அவர் பெயரில்தான். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த 1,500 ரூபாய் வேலைக்குத் தலையாட்டாதீர்கள். இப்போது உங்கள் கையில் இருப்பது ஒரு பதிவுச் சிக்கல். அதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. எண்ணைச் சுரண்டி வேறு எண் அடித்த அன்றைக்கு அது போலி வேலை ஆகிவிடும், அதற்குப் பணம் கொடுத்தவர் நீங்கள் என்றும் ஆகும். சாணை பிடித்த அலுமினியம் வெளுத்துத் தனியாகத் தெரியும். தினமும் பத்து வண்டியின் எண்ணைப் பென்சிலில் நகல் எடுக்கிற ஆய்வாளர் கண்ணுக்கு அது தப்பாது.

இன்ஜினுக்குள் எது மாறினால் சட்டம் கேட்கும், எது மாறினால் கேட்காது என்பதுதான் இதில் முக்கியம். இன்ஜின் எண் அடித்திருப்பது கிராங்க் கேஸில், அதாவது இன்ஜினின் அடிப்பகுதியான அலுமினிய உறையில். அதற்கு மேலே உட்கார்ந்திருக்கும் பிளாக் என்கிற சிலிண்டர், பிஸ்டன், ரிங், உள்ளே இருக்கும் கிராங்க், கனெக்டிங் ராடு, பேரிங், சீல் எல்லாமே தேய்மானப் பொருள்கள். இவற்றை மாற்றுவது பழுதுபார்ப்பு. அதற்கு ஆர்டிஓவிடம் யாரும் போக வேண்டியதில்லை. போர் ஏற்றுவதும், அதாவது சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து சற்றே அகலமாக்குவதும், அப்படித்தான். உங்கள் வண்டியின் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 50 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 50, ஆக 98 சிசி. ஒரு மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் கணக்குப்படி 102 சிசி வரும். தேய்ந்த சிலிண்டரைச் சரிசெய்யத்தான் ஓவர்சைஸ் பிஸ்டனே இருக்கிறது, இதை மாற்றம் என்று ஆட்சேபித்து நான் பார்த்ததில்லை. ஆனால் இதே கேஸில் ஆர்எக்ஸ் 135-இன் 132 சிசி பிளாக்கை ஏற்றினால் கதை வேறு. ஆர்சியில் எழுதிய சிசிக்கும் வண்டிக்கும் சம்பந்தம் இருக்காது.

கிராங்க் கேஸே மாறினால் எண் மாறுகிறது, ஆர்சியும் மாறியாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆவது பிரிவு இதைத்தான் சொல்கிறது. பத்துக்குக் குறையாத போக்குவரத்து வாகனங்கள் வைத்திருப்பவருக்கு மட்டும், அரசு அனுமதித்தால், அதே தயாரிப்பு, அதே வகை இன்ஜினை முன் அனுமதி இல்லாமல் மாற்றிக்கொள்ளச் சலுகை உண்டு. அவரும் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். ஒற்றை பைக் வைத்திருக்கும் நீங்களும் நானும் கேட்டுவிட்டுத்தான் மாற்ற வேண்டும். மீறினால் 182ஏ பிரிவின் 4-ஆவது உட்பிரிவுப்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். நீங்கள் தெரிந்து செய்யவில்லை என்பது உண்மை. அதை நிரூபிக்கத் தாள் வேண்டும். அதனால்தான் கீழே எழுதச் சொல்வதையெல்லாம் எழுத்தில் செய்யுங்கள் என்கிறேன்.

இப்போது உங்களுக்கு மிகவும் தேவையான பொருள் மெக்கானிக் கடை மூலையில் எண்ணெய் படிந்து கிடக்கும் அந்தப் பழைய கிராங்க் கேஸ்தான். அதைப் பழைய இரும்புக்குப் போடுவதற்குள் மீட்டுவிடுங்கள். விரிசல் எங்கே என்று நேரில் பாருங்கள். பல விரிசல்களை ஆர்கான் வெல்டிங் செய்து, பேரிங் உட்காரும் இடத்தை லேத்தில் சரிசெய்து, புது கிராங்க், புது பிளாக் போட்டு எழுப்ப முடியும். எண் இருக்கும் இடத்தில் மட்டும் வெல்டிங் நெருப்போ அரமோ படக் கூடாது என்று வேலை செய்பவரிடம் சொல்லிவிடுங்கள். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, முதலிலேயே எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். அந்தக் கேஸ் மறுபடி வண்டியில் ஏறினால் ஆர்சியும் வண்டியும் ஒத்துப்போகும். அனுமதி வாங்கும் பேச்சே எழாது. செலவு ஆகும்தான், ஆனாலும் எனக்கு இதுதான் நல்ல வழியாகப் படுகிறது.

8,000 கொடுத்தால்தான் பழைய இன்ஜின் என்கிறாரே, அது செல்லாது. பழுதுபார்த்தவர் கூலிக்காகப் பொருளைப் பிடித்துவைக்கும் உரிமை ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆவது பிரிவில் இருக்கிறது. ஆனால் அது, ஒப்படைத்த நோக்கத்தின்படி உழைப்போ திறமையோ செலுத்திய பொருளுக்குத்தான். உங்கள் பழைய இன்ஜினில் அவர் எந்த வேலையும் செய்யவில்லை, கழற்றி ஓரம் வைத்தார், அவ்வளவுதான். அது உங்கள் சொத்து.

ஒருவேளை அவர் அதை ஏற்கெனவே விற்றிருந்தால்? அப்போது வந்து ஏறிய இன்ஜின் எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. அது எந்த வண்டியுடையது, யாரிடம் வாங்கினார், பில், அந்த வண்டியின் ஆர்சி நகல் எல்லாம் கேளுங்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் இணைய வசதியில் எண்ணைப் போட்டுத் திருட்டு வண்டியா என்று பார்க்கலாம். சுத்தமாக இருந்தால் அந்தத் தாள்களோடு, நடந்ததை மறைக்காமல் எழுதி, ஆர்டிஓவிடம் விண்ணப்பியுங்கள். திருட்டு இன்ஜின் என்று தெரிந்தால் ஒரு நாள்கூட வைத்திருக்காதீர்கள், எழுத்துமூலம் காவல் நிலையத்தில் ஒப்படையுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தும் வைத்திருந்தால் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆவது பிரிவில் மூன்று வருடம் வரை சிறை உண்டு. இதெல்லாம் தீரும் வரை வண்டியைச் சாலையில் எடுக்க வேண்டாம். ஆற்றுப்படுகையிலும்தான். பொதுமக்கள் போய்வர உரிமையுள்ள இடம் எல்லாமே சட்டத்துக்குப் பொது இடம், மணல் என்பதால் விலக்கு கிடையாது என்று மகனுக்கும் சொல்லிவையுங்கள்.

அப்பா பெயரில் ஆர்சி இருப்பது தனிச் சங்கடம். உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-இல் பெயர் மாற்றம் கேட்க வேண்டும் என்பது விதி. இரண்டு வருடம் தாண்டிவிட்டது, தாமதத்துக்குக் கூடுதலாகக் கட்ட வேண்டி வரலாம். அதற்காக விட்டுவிடக் கூடாது. இன்ஜின் விண்ணப்பமோ புதுப்பித்தலோ, கையெழுத்துப் போட வேண்டியவர் உரிமையாளர். அவர் இல்லாதபோது உங்கள் பெயர் ஏறாமல் எதுவும் நகராது. தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்று வாங்குங்கள். அக்கா, தம்பி இருந்தால் அவர்களின் சம்மதக் கடிதமும் வேண்டும்.

பணத்தைப் பற்றி. இன்ஜினைப் பழுதுபார்க்கக் கொடுத்தீர்கள். கேட்காமல் வேறு இன்ஜினை மாற்றியது சேவைக் குறைபாடு. தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமலும் நீங்களே வாதாடலாம். பில் இல்லையே என்று கவலை வேண்டாம். ஜிபே விவரம், வாட்ஸ்அப்பில் அவர் ஏதேனும் குரல் பதிவு அனுப்பியிருந்தால் அது, ஆய்வாளர் திருப்பி அனுப்பிய விவரம் ஆகியவை போதும். போனை மாற்றுவதாக இருந்தால் பழையதை அழித்துவிடாதீர்கள்.

ஆனாலும் நேரே வழக்குக்குப் போக வேண்டாம். நம் பக்கம் மெக்கானிக்கும் நாமும் நாளைக்கும் ஒரே டீக்கடையில் நிற்கப் போகிறவர்கள். அவரும் உங்களை ஏமாற்ற நினைத்திருக்க வேண்டும் என்பதில்லை, கேஸ் மாறினால் எண் மாறும் என்பதைப் பலர் பெரிதாக நினைப்பதில்லை. ஒரு கடிதம் எழுதுங்கள்: எந்தத் தேதியில் வண்டி விட்டேன், என்ன வேலை சொன்னேன், எவ்வளவு கொடுத்தேன், என் சம்மதம் இல்லாமல் இன்ஜின் மாறியது, பழைய எண் அடித்துத் தருவதாகச் சொன்னதை நான் மறுக்கிறேன், 15 நாளுக்குள் பழைய கிராங்க் கேஸையும் புதிய இன்ஜினின் தாள்களையும் தர வேண்டும், பாக்கி 8,000 அதற்குப் பிறகு கணக்குப் பார்த்துப் பேசிக்கொள்ளலாம். ஒப்புகையோடு அஞ்சலில் அனுப்பி, நகலை ஆர்சி புத்தகத்துக்குள் மடித்து வையுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் 16-ஆவது நாள் எனக்கு எழுதுங்கள்.