திறந்தவெளி குதிரை அரினாவுக்கு மெம்பிரேன் ஒண்ணு போதுமா, ரெண்டு வேணுமா? எறா பண்ணை ஷீட் போட்டா என்ன?

கேட்டவர் பாகூர் பக்கம் சொந்த நிலத்துல 20க்கு 40 மீட்டர் அரினா, அதாவது குதிரை ஓட்டிப் பழகுற மணல் தளம் போடப்போறார். கீழேருந்து மண்ணு, ஜல்லி, மணல்னு வரும், அந்த அடுக்குகளுக்கு நடுவுல பிரிச்சு வைக்க விரிக்கிற துணியத்தான் மெம்பிரேன்னு சொல்றாங்க, ஜல்லிக்கு அடியில ஒண்ணு, மேல ஒண்ணு. ரெண்டு மெம்பிரேன்னு எல்லாரும் சொல்றாங்களே, செலவு குறைக்க ஒண்ணை மட்டும் போட்டா போதாதா, இல்லன்னா எறா பண்ணைக்குப் போடுற கருப்பு ஷீட் மலிவா கிடைக்குதே அதைப் போட்டுக்கலாமான்னு கேட்டிருக்கார். நான் கடலூர்க்காரன், பாண்டி சுத்துவட்டாரத்துல சைட் வேலை எடுத்துப் பண்றேன், இந்த வேலையும் பண்ணிக் குடுத்திருக்கேன்.

எறா பண்ணை ஷீட் வேணாங்க. அது தண்ணிய தேக்கி வைக்கிறதுக்குன்னே செஞ்சது, உங்களுக்கு வேணும்கிறது தண்ணிய கீழ விடுற துணி. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் ஞாபகம் இருக்குல்ல, ஒரே நாள்ல பாண்டியில 46 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு, உங்க 800 சதுர மீட்டர் மேல மட்டும் அது மூணரை லட்சம் லிட்டருக்கு மேல வரும், கீழ ஷீட்டை விரிச்சு வச்சிருந்தீங்கன்னா குதிரை ஓட்ட முடியாது, எறா வேணா வளக்கலாம். தார்ப்பாயும் அதே கதைதான். அடியில ஷீட் போட்டு, கீழேருந்தே மணலுக்கு ஈரம் ஏத்துற அரினா வெளிநாட்டுல இருக்கு, ஆனா அது லெவல் பாத்து, பைப், வால்வு எல்லாம் வச்சு செய்யுற தனி வேலை, அதை இதோட போட்டுக் குழப்பிக்காதீங்க.

மெம்பிரேனுக்கு வேணும்கிறது நான்-ஓவன் (நெய்யாத) ஜியோடெக்ஸ்டைல். கம்பளி மாதிரி ஊசியால குத்திக் குத்தி செஞ்ச துணி, மேல ஒரு சொம்பு தண்ணி ஊத்தினா நிக்காம இறங்கணும், கடையிலயே ஊத்திப் பாத்துட்டு வாங்குங்க. ரோடு வேலையில மிச்சமான ரோல்னு சொல்லி ஓவன் (நெய்த) டைப்பை தலையில கட்டுவாங்க, அது சாக்குப் பை மாதிரி பட்டையா நெய்தது, இழுவைக்கு நல்லா தாங்கும் ஆனா தண்ணி மெதுவாத்தான் போகும். தென்னை நார் பாய் போடுங்கன்னும் சிலர் சொல்வாங்க, அது சில வருஷத்துல மக்கிடும், ஏரிக்கரைக்கு சரி, இதுக்கு ஆகாது.

இப்ப ஒண்ணா ரெண்டாங்கிற விஷயம். கீழ் துணி உங்க மண்ணுக்காக. பாகூர் களிமண் கோடையில பாளம் பாளமா வெடிக்கும், ஐப்பசி கார்த்திகையில காலை வச்சா இழுக்கும், அதுமேல நேரா ஜல்லியக் கொட்டினா குதிரை மிதிக்க மிதிக்க ஜல்லி உள்ள போகும், சேறு மேல ஏறும், நீங்க கொட்டின ஆறு இன்ச் ஜல்லி எங்க போச்சுன்னு தோண்டித்தான் பாக்கணும். மேல் துணி குதிரைக்காக. மணல் ஜல்லி சந்துல இறங்கி அடைக்காம, ஜல்லி மணலுக்குள்ள கிளம்பி வராம அதுதான் தடுக்குது. ஒரே ஒரு கல்லு குளம்புல ஏறினாலும் குதிரை நொண்டும். ஆரோவில் பக்கம் கெட்டி செம்மண் மேடா இருந்தா கீழ் துணி பத்தி யோசிக்கலாம்னு சொல்வேன், உங்க இடத்துல ரெண்டும் வேணும். காசு இடிக்குதுன்னா வேலியில குறைச்சுக்கோங்க, நம்ம ஊர்ல சவுக்குக் கட்டைக்கா பஞ்சம்.

வேலைய மண்ணுலேருந்து ஆரம்பிக்கணும். புல்லு வேரு எல்லாம் வழிச்சு எடுத்து, நூத்துக்கு ஒண்ணு வாட்டம் குடுத்து, அதாவது 20 மீட்டர் அகலத்துக்கு ஒரு பக்கம் 20 சென்டிமீட்டர் இறக்கம், ரோலர் விட்டு, பள்ளம் வெட்டி ஓட்டை பைப் இறக்கி வெளிய விட்டுட்டு அப்புறம்தான் கீழ் துணி. துணிய விரிச்சா பள்ளம் மேடு மறையும்னு நினைக்காதீங்க, மேல மணல் வந்தாலும் அந்தப் பள்ளத்துல தண்ணி நிக்கும். அடுத்து ஆறு இன்ச் ஜல்லி, வானூர் பக்கம் கிரஷர்ல தூள் இல்லாம சலிச்சதுன்னு கேட்டு வாங்குங்க, சுமார் 43 யூனிட் வரும் (ஒரு யூனிட்னா 100 கன அடி). தூளோட சேந்து வந்தா மழையில இறுகி சிமென்ட் தரை மாதிரி ஆயிடும், துணி எவ்வளவு நல்லதா இருந்தும் பிரயோஜனம் இல்ல.

துணி மேல டிப்பரோ ஜேசிபியோ ஏறவே கூடாது, இது மட்டும் டிரைவர்கிட்ட நின்னு சொல்லணும். ஓரத்துல கொட்டி, கொட்டினது மேலயே வண்டிய நிறுத்தி முன்னாடி தள்ளிக்கிட்டே போகணும். ஒரு துணியும் அடுத்த துணியும் சேருற இடத்துல ஒரு அடி ஏறி இருக்கணும், நீங்க கொட்டிக்கிட்டு வர்ற பக்கத்துத் துணி மேல, அடுத்தது அதுக்கு அடியில, மாத்திப் போட்டா தள்ளுற வேகத்துல ஓரம் வாயப் பிளந்துக்கும்.

கீழ் துணிக்கு அந்த ஒரு அடி போதும், மேல் துணிய தைக்கணும். ஏன்னா அரினாவுல தகராறு ஆரம்பிக்கிறதே அந்த ஓரம் கிளம்பி மணலுக்கு வெளிய எட்டிப் பாக்குறப்பதான், அதுல கால் மாட்டினா குதிரையும் விழும் மேல இருக்கிறவங்களும் விழுவாங்க. ரைஸ் மில்லுல மூட்டை தைக்கிற கை மெஷின் வாடகைக்கு எடுங்க, நூல் மட்டும் பாலியஸ்டரா இருக்கட்டும், பருத்தி நூல் மக்கிடும். ஆணி, யூ-கம்பி எதுவும் மேல் துணியில அடிக்காதீங்க, கழண்டு மேல வந்து குளம்புல ஏறும். நாலு ஓரத்துலயும் அரை மீட்டர் விட்டு அரினாவைச் சுத்தி வைக்கிற ஓரப் பலகைக்கு உள்பக்கமா மேல மடக்கி ரீப்பர் கட்டை வச்சு இறுக்கிடுங்க, மணல் வெளிய ஓடாது.

காலையிலயே விரிச்சிடுங்க, மதியத்துக்கு மேல கடல்காத்து கிளம்பினா நாலு ஆள் புடிச்சாலும் ரோல் நிக்காது. விரிச்சதை வெயில்ல நாள்கணக்கா போடாதீங்க, வெயில் பட்டா இந்தத் துணி நைஞ்சிடும், மணல் லோடு சைட்டுக்கு வந்து இறங்கினப்புறம் மேல் துணி ரோலைப் பிரிச்சு விரிங்க. மணல் அஞ்சு இன்ச், 36 யூனிட் பக்கம் வரும். நாலு இன்ச்சுக்குக் குறைஞ்சா குளம்பு துணியத் தொட்டுடும், அதுவும் வேலி ஓரமா குதிரை ஒரே தடத்துல சுத்துற இடத்துல மணல் சீக்கிரம் ஒதுங்கும், வாரம் வாரம் இழுத்து நிரப்புங்க. டிராக்டர் பின்னாடி பல்லு வச்ச எதையும் கட்டி விடாதீங்க, ஒரு பல்லு துணியில மாட்டினா அவ்வளவுதான்.

துணி எவ்வளவு வாங்கணும்னா, 5 மீட்டர் அகல ரோல்னா 21 மீட்டர் நீளத்துல 9 துண்டு, அதாவது ஒரு லேயருக்கு 945 சதுர மீட்டர். 800 போதும்னு கடைக்காரர் சொன்னா ஏறி நிக்கிற ஒரு அடியையும் மடக்குற ஓரத்தையும் அவர் சேக்கலைன்னு அர்த்தம். கனம் என் கணக்குல கீழ 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்), மேல 250ஆவது இருக்கட்டும்.